நான்கே கால் மணிக்குக் கையசைத்தவர்

அன்ஃபூஷி, அலெக்ஸாண்ட்ரியா
14 பிப்ரவரி 1997

மதிப்புக்குரிய உஸ்தாத் ராகிப் அவர்களுக்கு,

இன்ஸாஃப் எழுதுகிறேன். நானும் ரஷாவும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசைதான். போன வருடம் கேட்டதற்கு இரண்டு பக்கம் பதில் வந்தது. அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெருநாள் பிஸ்கட் டின் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். சர்க்கரை தூவியது மேலே, பேரீச்சம்பழம் வைத்தது அடியில். நீங்கள் மேலே இருப்பதில் இரண்டைத் தின்றுவிட்டு நன்றிக் கடிதம் எழுதுகிறவர் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். இந்த முறை அடி வரை போங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ரஷாவுக்குக் கல்யாணம். மே எட்டாம் தேதி, வியாழக்கிழமை, இங்கேயே. மாப்பிள்ளை பெயர் தாமர். துறைமுகத்தில் வந்து நிற்கும் சரக்குக் கப்பல்களுக்குக் குடிதண்ணீரும் காய்கறியும் ஏற்றிவிடுகிற வேலை. நல்ல பையன். சிரிப்பதற்கு முன் அம்மா முகத்தைப் பார்க்கிறான், அது ஒன்றுதான் குறை. போகப் போகச் சரியாகிவிடும், அல்லது என் மகள் சரியாக்கிவிடுவாள்.

நிக்காஹ் எழுதும்போது பெண்ணின் சார்பில் ஒருவர் உட்கார்ந்து, வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டுமே. என் அப்பா இல்லை. ஃபிக்ரிக்கு அண்ணன் தம்பி கிடையாது. என் தங்கை கணவர் இருக்கிறார். அவர் காப்பீடு விற்பவர், ஒரு கை கிடைத்தால் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். பெண் வயது வந்தவள், அவள் யாரைக் காட்டுகிறாளோ அவர் உட்காரலாம் என்று ஷேக் சொல்லிவிட்டார். ரஷா உங்களைக் காட்டுகிறாள்.

ஃபிக்ரியைக் கடல் கொண்டுபோய்ப் பத்து வருடமும் மூன்று மாதமும் ஆகின்றன. அப்பாவை அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போன நண்பர் என்றுதான் அவள் உங்களை எல்லோரிடமும் சொல்வாள். வேறொரு பெண்ணாக இருந்தால் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லியிருப்பாள். இவள் நன்றியாகச் சொல்கிறாள். அவளுக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. அன்று அவர் அலைதடுப்புச் சுவரின் முனையில் நின்று, திரும்பி, உங்களைப் பார்த்துக் கையசைத்தாரே, அதை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டுமாம். "நான் சொன்னா கதை மாதிரி இருக்கும்மா. அவர் சொன்னா நேர்ல பாத்த மாதிரி இருக்கும்" என்கிறாள்.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். நீங்கள் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
இன்ஸாஃப்


ஷுப்ரா, கெய்ரோ
22 பிப்ரவரி 1997

பெருமதிப்புக்குரிய இன்ஸாஃப் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அதற்கு முன்னதாகவே தங்கள் அன்பளிப்பும் கிடைக்கப்பெற்றேன். பிஸ்கட் வழக்கம்போல மிக நன்றாக இருந்தது. ரஷாவின் திருமணச் செய்தி என் வீட்டுக்கே பெருநாளை இரண்டாம் முறை கொண்டுவந்தது.

என்னைத் தேர்ந்தெடுத்ததில் ரஷா எனக்குச் செய்திருக்கும் கௌரவம் அளவிட முடியாதது. ஆயினும் தற்போதைய சூழ்நிலையில், என் முழங்காலின் நிலை, மே மாதத்தில் அலுவலகத்தில் நடைபெறவிருக்கும் வருடாந்தரக் கோப்புச் சரிபார்ப்பு, ரயில் பயணம் குறித்து மருத்துவர் தெரிவித்துள்ள கருத்து ஆகியவற்றைக் கருத்தில்கொண்டு பார்க்கும்போது, இத்தகைய பொறுப்பை என்னினும் தகுதியானவர் ஏற்பதே மணமக்களுக்கு நலம் பயக்கும் என்று பணிவுடன் கருதுகிறேன். தங்கள் தங்கை கணவர் குறித்து நீங்கள் எழுதியிருப்பது வேடிக்கையாக எழுதப்பட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் பிரார்த்தனைகள் என்றும் உங்களுடன்.

தங்கள் உண்மையுள்ள,
ராகிப் ஹில்மி


அன்ஃபூஷி
6 மார்ச் 1997

உஸ்தாத் ராகிப் அவர்களுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை ரஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இது யாருக்கும்மா எழுதினது? நமக்கா, குடிநீர் இணைப்பு கேட்டவங்களுக்கா?" என்றாள்.

உங்கள் அலுவலகத்தில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? ஃபிக்ரி சொல்லியிருக்கிறார். மனுப் போட்டவனுக்கு "முடியாது" என்பதை, அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சட்டையைக் கழற்றுகிற வரை புரியாதபடி எழுதிக் கொடுப்பதில் நாட்டிலேயே உங்களுக்கு நிகர் இல்லையாம். "அவர் இல்லன்னு சொன்னா நன்றி சொல்லிட்டுத்தான் போவாங்க இன்ஸாஃப்" என்பார். நான் ஆசிரியை. இருபத்தாறு வருடமாகச் சாக்குகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். உங்களுடையதற்கு நல்ல மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

வேறு யாரைக் கேட்கச் சொல்கிறீர்கள்? அன்று காரில் போனவர்கள் நான்கு பேர். ஃபிக்ரி திரும்பவில்லை. கார்க்கார நஸ்மி நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மம்தூஹ் தோஹாவிலிருந்து பெருநாளுக்குத் தன் கார் படத்தை அனுப்புகிறார். போன வருடம் வெள்ளை, இந்த வருடம் பச்சை. அவர் வந்து கைக்குட்டைக்கு அடியில் கைவைத்தால் அதையும் படம் எடுப்பார். அந்தக் கையசைப்பைப் பார்த்த கண்களில் எனக்குக் கிட்ட இருப்பவை உங்களுடையவைதான்.

இது இரண்டாம் அழைப்பு. மூன்றாவதற்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இன்ஸாஃப்

பி.கு. நான் ஏன் இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தேன் என்று இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தச் சுவரின் முனை தெரியும்.


ஷுப்ரா
20 மார்ச் 1997

இன்ஸாஃப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக ஏழு வரைவுகள் எழுதினேன். முதல் ஆறும் மிக நன்றாக வந்திருந்தன. அதனால் கிழித்துவிட்டேன்.

ஃபிக்ரி என் நண்பர் இல்லை. இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தவர். உண்மையில் நாங்கள் அவரைத் தவிர்ப்பவர்கள். காரணம் சின்னது. "எப்படி இருக்கீங்க?" என்று போகிற போக்கில் கேட்டால் அவர் நின்று, யோசித்து, எப்படி இருக்கிறார் என்று சொல்வார். "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றால் எந்த நாள் என்பார். தலைமை அதிகாரி ஒருமுறை "என் கதவு எப்பவும் திறந்திருக்கும்" என்று பேசினார். மறுநாள் காலை ஃபிக்ரி கதவைத் தட்டாமல் உள்ளே போனார். இப்படி ஒருவர் இருந்தால் ஓர் அலுவலகம் எப்படி நடக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை காலை, 1986 நவம்பர் 21, நாங்கள் மூவரும் ஸலாமாவின் காபிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். நஸ்மி சொன்னான், "குளிருதுடா. இங்க உக்காந்து குளிருறதுக்கு, அலெக்ஸாண்ட்ரியா போய் மீன் தின்னுக்கிட்டே குளிரலாம்."

"பெட்ரோல் இருக்கா?" என்றான் மம்தூஹ்.

"பாதி வழிக்கு இருக்கு."

"மீதி வழிக்கு?"

"அல்லாஹ் பெரியவன். ஏறு."

எங்கள் திட்டம் முழுவதும் இவ்வளவுதான். காரில் ஏறிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்கு வேகவைத்த அவரைப் பயறு வாங்கிக்கொண்டு, கிண்ணத்தைச் செய்தித்தாளால் மூடியபடி ஃபிக்ரி எதிரே வந்தார். நான்தான் சொன்னேன். "வாங்களேன் ஃபிக்ரி, அலெக்ஸாண்ட்ரியா போறோம். ஒரு இடம் இருக்கு."

நைலில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து "சாப்பிட வாங்க" என்பான். படகு நிற்காது. கரையில் இருப்பவனும் நெஞ்சில் கைவைத்து "நல்லா இருங்க" என்பான். இருவருக்கும் மனம் குளிர்ந்துவிடும், சாப்பாடும் மிச்சம். நம் ஊரில் படகுக்காரன் அழைப்பு என்றாலே குழந்தைக்கும் தெரியும். நான் அழைத்தது அந்த அழைப்பு. அவர் "இன்னொரு நாள்" என்றிருக்க வேண்டும். நான் அல்லாஹ்மேல் ஆணையிட்டு இன்னொரு தரம் கூப்பிட்டிருப்பேன். அவர் மறுத்திருப்பார். நாங்கள் போயிருப்போம்.

அவர் "சரி" என்றார்.

நஸ்மி என் காலை மிதித்தான். அவர் கிண்ணத்தை ஸலாமாவின் கையில் கொடுத்து, "இத வீட்ல குடுத்துருங்க. நான் கடலுக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க" என்றார். பின்னால் இடதுபுறம் ஏறி உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மம்தூஹ் கிண்டலாகக் கேட்டான், "பாஷாவுக்கு வசதியா இருக்கா?"

"இல்ல. ஸ்ப்ரிங் குத்துது."

அலெக்ஸாண்ட்ரியாவில் மீன் கடைக்கு வழி கேட்டோம். முதல் ஆள் இடது என்றார். இரண்டாவது ஆள் வலது என்றார். மூன்றாவது ஆள் வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார். ஃபிக்ரி கண்ணாடியை இறக்கி, "உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா நாங்க கோவிச்சுக்க மாட்டோம்" என்றார். அந்த மனிதர் முகம் மாறிவிட்டது. "என்னய்யா, என்னப் பாத்து வழி தெரியாதவன்னு சொல்றீங்களா?" என்று காரின் கூரையில் தட்டினார். கடைசியில் மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஃபிக்ரிதான் வழி சொன்னார். கடை கிடைத்தது. சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் அவரைக் காணவில்லை. எங்கே போனார் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மதியத்துக்கு மேல் கோட்டைப் பக்கம் போனோம். நவம்பரில் வரும் புயலுக்கு உங்கள் ஊரில் துடைப்பம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அது பெருக்கி முடித்துவிட்டதா, இன்னும் ஒரு இழுப்பு பாக்கி இருக்கிறதா என்பது கெய்ரோக்காரனுக்குத் தெரியாது. வெயில் அடித்தது. போதும் என்று நினைத்தோம்.

நான்கு மணிக்கு ஃபிக்ரி கேட்டார், "சுவர் முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டுமா? நேரம் இருக்கா?"

நேரம் இல்லை. காற்று காதைக் கிழித்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். நான் சொன்னேன், "நேரம் நிறைய இருக்கு ஃபிக்ரி. நிதானமா போயிட்டு வாங்க. நாங்க இங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

"பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

"கண்ணெடுக்க மாட்டோம்."

அவர் கல்மேல் ஏறி நடந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர். பத்து அடி போகும்வரை பார்த்தேன். பிறகு நஸ்மி, "உள்ள தெருவுல ஒரு டீக்கடை இருக்கு, காத்து வராது" என்றான். போனோம். அரை மணி நேரம் இருந்தோம். மம்தூஹ் அவரைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு "ஸ்ப்ரிங் குத்துது, ஸ்ப்ரிங் குத்துது" என்று நடித்துக் காட்டினான். மிக நன்றாக நடிப்பான். நான் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தேன். இன்ஸாஃப் அவர்களே, அவர் எத்தனை மணிக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கோ ஓரிடத்தில்.

நாங்கள் திரும்பி வந்தபோது சுவர் நனைந்திருந்தது. யாரும் இல்லை.

காவல் நிலையத்தில் அதிகாரி, "கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டார். மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாசகம் எழுதுவது என் தொழில் அல்லவா? "நான்கே கால் மணிக்கு. முனையில் நின்றிருந்தார். வந்துவிடும்படி கூப்பிட்டோம். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அப்போதுதான் அலை வந்தது" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று நாள் கழித்துக் கடல் அவரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, துக்கப் பந்தலில் நீங்கள் கேட்டபோதும் அதையே சொன்னேன். நீங்கள், "எந்தக் கை?" என்று கேட்டீர்கள். "இடது" என்றேன். நீங்கள் தலையசைத்தீர்கள். "ஆமாம், அவருக்கு இடது கைப் பழக்கம்" என்றீர்கள். எனக்கு அது தெரியாது. வாழ்நாளில் நாலாயிரம் கடிதங்களுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒருவர் நம்பியது இந்த ஒரு வாசகத்தைத்தான்.

பின் இருக்கை இடதுபுறம் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று நஸ்மி காரை விற்கப் பார்த்தான். கதவு ரப்பர் போய்விட்டது என்றார் மெக்கானிக். ரப்பரை மாற்றினான். ஈரம் நின்றது. அதற்கப்புறமும் விற்றான்.

என் விஷயம் ரப்பரில் தீரவில்லை. நான் இட்டுக்கட்டிய அந்த மனிதர் இன்னும் கையசைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில். அலுவலக வராந்தாவின் கோடியில். ரொட்டி வாங்குகிற வரிசையில் நான்கு ஆள் தள்ளி. பட்டப்பகலில், சாம்பல் ஸ்வெட்டரில், இடது கையால். கோபமாக அல்ல. ஏதோ பேருந்து கிடைத்துவிட்டது என்பதைத் தெரிவிப்பவர்போல. உண்மையில் நடந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். நானே எழுதியதால் அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்கள் டின் வரும். நான் ஏன் அடி வரை போவதில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

ரஷாவின் சார்பில் கை பிடிக்க எனக்குத் தகுதி இல்லை. முன்பு நான் எழுதியது மறுப்பு அல்ல, வாசகம். மறுப்பு இதுதான்.

ராகிப்


ஷுப்ரா
12 ஏப்ரல் 1997

இன்ஸாஃப் அவர்களுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. திரும்பி வராத தபால் உரியவரைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது எங்கள் அலுவலக விதி. எனவே கிடைத்திருக்கிறது.

பதில் கேட்டு எழுதவில்லை. நான் முந்தைய கடிதத்தில் எல்லாவற்றையும் இரண்டு பேர்மீது பங்கு போட்டு எழுதியிருப்பதாகப் பிறகு தோன்றியது. நஸ்மி டீக்கடை என்றான், மம்தூஹ் நடித்தான் என்று. கண்ணெடுக்க மாட்டோம் என்று சொன்னது நான். அதைத் திருத்தத்தான் இது.

போன டின்கள் பத்தும் காலியாகக் கழுவி மேல் அலமாரியில் இருக்கின்றன. பதினோராவதில் மேலடுக்கு முடிந்துவிட்டது. அடியில் இருப்பதை இன்னும் தொடவில்லை. திருப்பி அனுப்ப வேண்டுமானால் தெரிவிக்கவும்.

ராகிப்


அன்ஃபூஷி
22 ஏப்ரல் 1997

ராகிப்,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. குர்பானிப் பெருநாள் முடியட்டும் என்று இருந்தேன். வீட்டில் இறைச்சியும் விருந்தாளிகளும் இருக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை.

அழைப்பு பொய் என்பது எனக்கு அன்று மதியமே தெரியும்.

அந்தப் பதினைந்து நிமிடம் அவர் எங்கே போனார் என்று கேட்கவில்லை என்றீர்களே, தொலைபேசி செய்யப் போனார். எங்கள் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடையில்தான் தொலைபேசி. மருந்துக்கடை டாக்டர் படிக்கட்டில் நின்று கத்தினார். இறங்கிப் போனேன். நாங்கள் பேசியது இது, ஒரு சொல்லும் குறையாமல்:

"எங்க இருக்கீங்க?"

"அலெக்ஸாண்ட்ரியால. பயறு வந்துச்சா?"

"வந்துச்சு. அங்க என்ன வேலை உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல. ராகிப் வாங்கன்னார், வந்துட்டேன்."

"ஐயோ, அவர் சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லியிருப்பாரு."

"எனக்குத் தெரியாதா? சரின்னு சொன்னதும் அவர் முகத்த நீ பாத்திருக்கணும் இன்ஸாஃப். எலுமிச்சம்பழத்த முழுசா முழுங்கின மாதிரி. இன்னொருத்தர் கால மிதிக்கிறாரு."

"பாவம், ஏன் இப்படிப் பண்றீங்க?"

"நல்லாத்தான் போகுது. பேசாம வந்தாங்க, இப்பப் பேசுறாங்க. மீன் வரப்போகுது. வச்சிடவா?"

"பயறு ஆறிப்போச்சு" என்றேன். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை, ராகிப். எல்லோருக்கும் அப்படித்தான் நினைப்பு. எங்கள் கல்யாணமான புதிதில் ஒருநாள் முடிவு செய்தார். யார் என்ன சொன்னாலும் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு பார்ப்பது என்று. "செலவில்லாத வேடிக்கை. ஊரே பதறுது" என்பார். தலைமை அதிகாரியின் கதவுக்குள் போய்விட்டு வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவரால் சிரிக்காமல் முடிக்க முடியவில்லை. டீக்கடையில் நீங்கள் மூவரும் அவரைப்போல நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் உங்களுக்காக வருடக்கணக்காக நடித்துக்கொண்டிருந்தார்.

அதனால் அழைப்பை அன்றே மன்னித்துவிட்டேன். நீங்களாக ஒருநாள் வாய் திறந்து சொல்வீர்கள், நான் இந்தத் தொலைபேசிப் பேச்சைச் சொல்வேன், இருவரும் அவரை நினைத்துச் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் டின் அனுப்பினேன். பதினோரு டின். பிஸ்கட் நன்றாக இருந்தது என்று பதினோரு முறை எழுதினீர்கள்.

ஆனால் கையசைப்பு எனக்குத் தெரியாது.

இந்த ஊருக்கு வந்த ஆறு வருடமாக, சாயங்காலம் சமையலறை ஜன்னலைச் சாத்தும் முன் அந்தச் சுவர் முனையைப் பார்த்து நானும் கையசைப்பேன். யாருக்கும் தெரியாது. ரஷாவுக்குத் தெரியும்போல, கேட்டதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றும் பழக்கத்தில் கை மேலே போய்விட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கதவுப் பிடியில் வைத்துக்கொண்டேன். இப்போது ஜன்னலைத் திரும்பி நின்றுகொண்டு சாத்துகிறேன்.

ஒன்றே ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அழைப்பு வாய் வார்த்தை என்பது அவருக்குத் தெரியும். கண்ணெடுக்க மாட்டோம் என்பதும் வாய் வார்த்தை என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டார். தெரியாமல் இருந்தால் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் காலி ரோடு தெரிந்திருக்கும். இந்த இரண்டில் எது நடந்தது என்று எனக்குச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை. நீங்கள் அங்கே நின்றிருந்தால் ஓர் ஆள் இருந்திருப்பார்.

பெருநாள் இரண்டாம் நாள் ரஷாவிடம் சொன்னேன். ஈரல் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துக் கைகழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, தப்பு செய்தது நான்போல. மூன்றாம் நாள் வந்து, "அவரையே வரச் சொல்லும்மா. அந்தக் கதைய மட்டும் சொல்ல வேணாம்னு எழுது" என்றாள். "வேற யார சொல்றது? அப்பா கடைசியா பேசின ஆளுங்கள்ல இந்த நாட்டுல மிஞ்சினது அவர் ஒருத்தர்தானே" என்றாள்.

ஆகவே மூன்றாம் முறை அழைக்கிறேன். மே 8, வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு. வெள்ளைக் கைக்குட்டை பெண் வீட்டுச் செலவு. மூன்றாம் அழைப்பை மறுப்பது முறையல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அழைக்காமல் இருப்பது முறையல்ல என்பதால்தான் நானும் அழைக்கிறேன். இதை மனதார எழுதுகிறேனா என்று கேட்டால், காலையில் ஆமாம். சாயங்காலம் ஜன்னலைச் சாத்தும்போது இல்லை. படகு நிற்குமா என்று எனக்கே தெரியவில்லை.

டின்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இன்ஸாஃப்


ஷுப்ரா
29 ஏப்ரல் 1997

இன்ஸாஃப் அவர்களுக்கு,

சரி.

அன்று ஃபிக்ரி இத்துடன் நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்தத் திறமை இல்லாததால் இன்னும் சில வரிகள்.

படகு நிற்குமா என்று நான் கேட்கவில்லை. மே ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை ரயிலில் ஏறுகிறேன். ஒருநாள் முன்னதாக வருவது உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல. தங்குவதற்கு நிலையத்துக்கு அருகில் விடுதி பார்த்துவிட்டேன். முழங்கால் நலம். உண்மையில் அது எப்போதுமே நலம்தான்.

கோட்டைப் பக்கத்துச் சுவர்மேல் இப்போது நடக்க விடுகிறார்களா என்று அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரிடம் விசாரித்தேன். தாராளமாக என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாமல் சொன்னாரா என்று தெரியாது. போய்ப் பார்க்கிறேன். மே மாதத்தில் பெருக்குவதற்குப் புயல் எதுவும் இல்லை என்பதைப் பஞ்சாங்கத்தில் சரிபார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை நான்கே கால் மணிக்குச் சுவரின் முனையில் நிற்பேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் ரோட்டில் டீக்கடைத் தெருவின் முனை தெரிகிறதா, நிற்கிற ஆளின் முகம் தெரிகிறதா என்று பார்த்து உங்களுக்குச் சொல்ல முடியும். நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்ட இடத்தில், பத்தரை வருடம் தாமதமாக, நின்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

பிறகு கையசைப்பேன். இடது கையால். பழுப்பு நிறக் கோட்டு போட்டிருப்பேன், தலையில் முடி குறைவு, அதனால் குழப்பம் வராது. நீங்கள் ஜன்னலைத் திரும்பி நின்று சாத்துவதானால் சாத்துங்கள். பார்ப்பதானால், அது நான்தான், வேறு யாரும் இல்லை என்பதை இப்போதே எழுதித் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறுநாள் ரஷாவின் சார்பில் உட்காரும்போது கதை எதுவும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, விடச் சொல்லும்வரை கண்ணெடுக்காமல் இருப்பேன்.

நேற்று பேரீச்சம்பழ பிஸ்கட்டில் ஒன்றைச் சாப்பிட்டேன். இறுகிப்போய்விட்டது. நன்றாக இருந்தது என்று எழுத மாட்டேன்.

ராகிப்

பி.கு. புதன்கிழமை நீங்கள் பார்க்கும்போது முனையில் இரண்டு பேர் நின்றால், மறுநாள் எனக்குச் சொல்லுங்கள். எனக்குப் பக்கத்தில் பார்க்கத் தைரியம் இருக்காது.